மணல்வாரி

ஆடி மாதம் வந்தால் பெங்களூரில் ரொட்டி மாவுக்குச் சோம்பல் பிடித்துவிடும். சித்திரையில் முக்கால் மணி நேரத்தில் தொட்டி விளிம்பைத் தொடுகிற மாவு, ஆடிச் சாரலில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பாதித் தொட்டியில் படுத்துக் கிடக்கும். வெங்கடசாமி அதை அவசரப்படுத்த மாட்டான். சாக்கைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து தொட்டிமேல் போர்த்துவான். அடுப்பு வாசலுக்கு ஒரு முழம் பக்கத்தில் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்து டீ குடிப்பான். நீலசந்திராவில் சீனிவாசராகவனின் ஐயங்கார் பேக்கரியில் இருபத்திரண்டு வருடமாக மாவு பிசைகிறவன். தொட்டியின் மேல் சுண்டுவிரலை அழுத்தி எடுத்து, அந்தக் குழி மேலே வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தே எப்போது அடுப்பில் ஏற்றலாம் என்று சொல்லிவிடுவான்.

"சும்மா கெடக்கற மாவு வேற, உப்பிக்கினு இருக்கற மாவு வேற" என்பான். "சப்பாத்தி மாவு மேல கல்லத் தூக்கிப் போடு, ஒண்ணும் ஆவாது. இது உப்பற நேரத்துல தொட்டிய ஒரு இடி இடிச்சா போதும், அப்படியே அமுங்கிப் பூடும்."

இந்த ஒரு விஷயம் கைக்குத் தெரிந்திருந்ததால்தான், தொண்ணூற்றேழாம் வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மமதா சொன்னது அவனுக்கு ஒரே தடவையில் விளங்கியது.

அவன் மனைவி அம்புஜத்துக்குக் கழுத்தின் வலது பக்கம் ஒரு கட்டி. முதலில் சுண்டைக்காய் அளவு, அப்புறம் நெல்லிக்காய், அப்புறம் எலுமிச்சை. வலியே கிடையாது. வலிக்காததால்தான் ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டார்கள். அவள் ஆஸ்டின் டவுனில் இரண்டு வீட்டுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, கட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தே வருவாள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா, அந்த நெறியிலேயே வருகிற புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி மருந்துக்குக் கேட்கக்கூடிய புற்று, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

டாக்டர் மமதா மைசூர்ப் பக்கத்துக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட, கன்னடம் கலந்த தமிழ்.

"உங்க கெலசா என்ன?"

"பேக்கரி மேடம். மாவு பிசையறது."

"ஓ! அப்ப ஈஸ்ட் தெரியும். எனக்கும் கெலசா சுலபா." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இந்தக் கட்டியில இருக்கற செல்லுங்க ஈஸ்ட் தரா, ஈஸ்ட் மாதிரி. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நிறுத்தறதே இல்ல. நாம குடுக்கற மருந்துக்குக் கண்ணு கிடையாது. எது கேன்சர், எது நல்லது, அதுக்குத் தெரியாது. யாரு ரெண்டா ஆகிட்டிருக்காங்களோ அவங்களப் பிடிச்சு அடிக்கும். அஷ்டே, அவ்ளோதான்."

வெங்கடசாமி கொஞ்சம் யோசித்தான். "உப்பற மாவ மட்டும் அடிக்கும். சப்பாத்தி மாவ உட்டுடும்."

"ஹௌது!"

"நல்லதுலயும் உப்பற மாவு இருக்குமே மேடம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நூறு பேர்ல ஒருத்தர்தான் இதக் கேப்பாங்க. இருக்கு. மூணு எடம். முடியோட வேர். வாய்லேர்ந்து குடல் வரைக்கும் உள்பக்கத் தோல். அப்புறம் எலும்புக்குள்ள ரத்தம் தயாரிக்கற மஜ்ஜை. இந்த மூணும் தெனமும் புதுசு புதுசா செய்யற கார்கானே. மருந்து இந்த மூணையும் மூடிடும். அதனால வாந்தி, வாய்ப்புண்ணு. அதனாலதான் முடி கொட்டறது. பயப்படற விஷயம் அது எதுவும் இல்ல. மஜ்ஜைதான்."

"அது நின்னா அன்னைக்கே தெரியுமா மேடம்?"

"நீங்க இன்னிக்கு அடுப்ப அணைச்சா சாயங்காலமே கடைல பன் தீந்துடுமா? ஸ்டாக் இருக்கும். ரத்தத்துலயும் ஸ்டாக் இருக்கு. ஊசி போட்ட நாள்லேர்ந்து பத்தாவது நாள் ஸ்டாக் தீரும். பத்துலேர்ந்து பதினாலு. அந்த நாலு நாள்ல அவங்களுக்கு வாந்தி நின்னிருக்கும், நல்லா சாப்பிடுவாங்க, நல்லாயிட்டேன்னு நெனைப்பாங்க. ஆனா ஒடம்புல காவல்காரனே இருக்க மாட்டான். அப்ப ஜ்வரா வந்தா, நூறு புள்ளி நாலைத் தாண்டினா, மாத்திரை குடுத்துப் பாக்கறது பேடா, வேண்டாம். பேகா, ஒடனே இங்க வரணும். ஒரு கன்டே, ரெண்டு கன்டே, ரெண்டு மணி நேரம், அவ்ளோதான் டைம்."

"அப்புறம் மஜ்ஜை திரும்ப வருமா?"

"ரத்தம் செய்யறதுக்கு விதை மாதிரி சில செல்லு இருக்கு. அது தூங்கிட்டே இருக்கும். தூங்கறவங்கள மருந்து அடிக்காது."

பேக்கரியின் பின்கட்டில், குளிர்ப்பெட்டியில், காகிதம் சுற்றிய ஈஸ்ட் கட்டி வெங்கடசாமியின் கண்முன் வந்தது. தொட்டி மாவு மொத்தமும் பாழானாலும் அது அப்படியே உறங்கும். ஒரு துண்டு கிள்ளி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் போதும், பத்து நிமிஷத்தில் நுரைத்துக் கிளம்பிவிடும். மனிதன் எலும்புக்குள்ளேயும் அப்படி ஒரு பெட்டியா! ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது தன் முன்னங்கையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

ஊசி போடுகிற அன்று ரத்தம் எடுக்க வந்தவள் டோரதி. லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து வருடம். ஊசி குத்துவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுவாள்.

"பேக்கரியாண்ணா? நீங்க பேசறதப் பாத்தா மருந்து பத்தி எல்லாம் கேப்பீங்க போல இருக்கே. இந்தாங்க, மூணு மருந்து. இந்தத் தண்ணி மாதிரி இருக்கறது, நம்ம நித்தியகல்யாணிச் செடியிலேர்ந்து எடுத்தது."

"எது, சுடுகாட்டுப் பூவா?" என்றான் வெங்கடசாமி. அவர்கள் தெருக் குழாயடியில்கூட ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிற செடி.

அம்புஜம் படுத்தவாக்கிலேயே சொன்னாள்: "செத்தா வெக்கற பூவ உசுரோட இருக்கறப்பவே ஏத்தறாங்களா. நல்லா இருக்குது."

டோரதி சிரித்தாள். "வீட்ல இலையப் பறிச்சுக் கஷாயம் கிஷாயம் வெச்சுராதீங்கக்கா, ஆளையே சாச்சிடும். ஒரு லாரி இலைக்கு ஒரு சிட்டிகைதான் மருந்து கெடைக்கும். அந்த சிட்டிகை செய்யற வேலையக் கேளுங்க. ஒரு செல்லு ரெண்டா ஆகறதுக்கு முன்னாடி தன் சொத்த சமமாப் பங்கு போடும். நூல் கட்டி ஆளுக்குப் பாதியா ரெண்டு பக்கம் இழுக்கும். இந்த மருந்து அந்த நூலையே முறுக்க வுடாது. பாகம் பிரிக்க முடியாம நடுவுல நின்னே செத்துடும்."

"செவப்பா இருக்கறது?"

"செல்லு தன்னை நகல் எடுக்கறதுக்கு உள்ள ஒரு முறுக்கின ஏணி வெச்சிருக்கு. செவப்பு மருந்து அந்த ஏணிப் படிக்கு நடுவுல போய்ச் சொருகிக்கும். மூணாவது மருந்து ஏணியோட ரெண்டு காலையும் சேத்துக் கட்டிடும். பிரிச்சாத்தான நகல் எடுக்க முடியும்? அக்கா, சாயங்காலம் ஒண்ணுக்கு ரோஸ் சர்பத் மாதிரி செவப்பாப் போகும். பயப்படாதீங்க, ரத்தம் இல்ல, மருந்துதான்."

சொல்லியிருந்தும் அன்று மாலை அம்புஜம் குளியலறையிலிருந்து ஒரு கத்து கத்தினாள். பிறகு உள்ளேயிருந்தே சிரிக்கிற சத்தம் கேட்டது.

மூன்று நாள் வாந்தி. தாளிக்கிற வாசனை ஆகாது, பேக்கரியிலிருந்து வருகிறவன் சட்டை வாசனைகூட ஆகாது. மகள் சௌம்யாவைச் சந்தாபுராவில் அம்புஜத்தின் தங்கை வீட்டில் விட்டிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் வெங்கடசாமியின் அக்கா சந்திரம்மா. அடுத்த வீட்டுக்காரி, ஜான்சன் மார்க்கெட்டில் கீரை விற்கிறவள். ஆடியில் மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பதும் அவள்தான். நீலசந்திராவின் எட்டுத் தெருவில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் முதலில் சந்திரம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆறாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அம்புஜம் அவன் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"தேடு."

தேடினான். எலுமிச்சை இருந்த இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை எலும்பு வரை தடவினான். ஒரு சுண்டைக்காய்கூட இல்லை. ஏழு மாதம் வளர்ந்தது ஆறே நாளில் காணோம். வெட்டவில்லை, கீறவில்லை, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பாகம் பிரிக்க நூல் கட்டிய கோடிக்கணக்கான செல், அந்த நூல் முறுகாமல், இவள் இட்லி தின்றுகொண்டிருந்த நேரத்திலேயே உள்ளுக்குள் கரைந்து, ரத்தத்தோடு போய்விட்டது.

"எங்க போச்சு?" என்றாள்.

"ரோஸ் சர்பத்தோட போச்சு" என்றான்.

ஏழு, எட்டு, ஒன்பது. மருந்தோடு கொடுத்த மாத்திரையின் தயவில் அம்புஜத்துக்கு அகோரப் பசி. ஒன்பதாம் நாள் மாரியம்மன் கோயில் கூழுக்குப் போகிறேன் என்றாள். அவன் விடவில்லை. கூட்டத்தில் யார் தும்மினாலும் அது இவளுக்கு வந்து சேரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நல்லா இருக்கறவளப் பூட்டி வெக்கறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோராம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் வேலை முடிந்து வந்தபோது வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. சந்திரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"செருப்ப வெளில வுட்டுட்டுக் கால் கழுவிக்கினு வா. அம்மா வந்துக்கிறா."

செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தான்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு எட்டு மணிக்கு. குளுருதுன்னா, போத்தி வுட்டேன். கொஞ்ச நேரத்துல அனலாக் கொதிக்குது. போர்வைய எடுத்துப் பாத்தா ரெண்டு காலும் பொடிப்பொடியா செவந்து, மணல வாரி எறைச்ச மாதிரி. மணல்வாரிடா. சின்ன அம்மாதான். பயப்படாத, மூணு தண்ணில எறங்கிடுவா."

அம்புஜம் பாயில் வேப்பிலை பரப்பிப் படுத்திருந்தாள். கண் செருகியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. அவன் அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து உதறி அவள் அக்குளில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எடுத்தபோது பாதரசம் நூற்றிரண்டில் நின்றது.

"அக்கா, ஆட்டோ கூப்புடறேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ஜொரம் வந்தா ஒடனே வரணும்னு சொல்லிக்கிறாங்க. நாலு மணி நேரம் ஆயிடுச்சு."

சந்திரம்மா எழுந்து வாசலை மறித்து நின்றாள். குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது.

"அம்மா வந்தவள வாசப்படி தாண்ட வெக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? ஊசி போட்டா அம்மா உள்ள அடங்கிப் பூடுவா. மூணாவது தெருவுல மேஸ்திரி மவன் ஒருத்தன், கல்யாணம் ஆன புதுசு, ஊசி போட்டுக் கூட்டினு வந்தாங்க. ராத்திரி தாண்டல. நான்தான்டா பக்கத்துல இருந்தேன்."

"இது வேறக்கா. இது மருந்தால வந்தது."

"மருந்தால மணல்வாரி வருமா?"

"மணல்வாரியான்னே..."

"டேய்." அவள் அவன் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கன்னத்தில் பெரியம்மைத் தழும்பு, நெருக்கமாக, மழை விழுந்த மண் போல. "இதுக்கு யாருடா காவல் இருந்தது? உனக்கு ஏழு வயசு. ஒம்போது நாள். தோல் ஒட்டிக்கினு வரும்னு வாழை இலைல படுக்க வெச்சு, ஈ ஒக்கார வுடாம வீசிக்கினே இருந்தேன். அப்ப எந்த டாக்டரு வந்தான்?"

அந்த ஒன்பது நாளில் அவனுக்கு நினைவிருப்பது வேப்பிலை நுனி முகத்தில் பட்ட குளிர்ச்சி மட்டும்தான். இன்று அவன் உயிரோடு நிற்பது அந்தக் கையால். அந்தக் கையை விலக்கிவிட்டுப் போவதென்றால் எப்படிப் போவது? போகாமல் இருந்தால் இன்னும் எத்தனை மணி நேரம்?

"அக்கா, நீ சொல்றது எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மா வந்தா ஒடம்பு உள்ள இருக்கறத வெளில தள்ளும்னு நீதான சொல்லுவ. முத்து ஏறும், தண்ணி பிடிக்கும், அப்புறம் எறங்கும்னு."

"ஆமா."

"இவளுக்குத் தள்றதுக்கு உள்ள ஆளே இல்லக்கா. கார்கானா மூடிக் கெடக்குது. ஸ்டாக்கும் தீந்துபோச்சு. இன்னைக்குப் பதினொண்ணாவது நாளு."

"இன்னாடா பேக்கரிக் கணக்கு சொல்ற. ஒனக்கு நம்பிக்கை இல்ல, அதான். வா, இங்க வந்து ஒக்காரு. அம்மா மூச்சு வுடறத உன் கண்ணால பாரு. பாத்தாத்தான் அடங்குவ."

அம்புஜத்தின் காலருகே அவனை உட்கார வைத்தாள். இது அவள் நாற்பது வருடமாகப் பதறுகிற புருஷன்மாருக்கும் தாய்மாருக்கும் காட்டி வருகிற வித்தை. அம்மைச் சிவப்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுக்கும். கண் இமைப்பதற்குள் மறுபடி சிவந்து வரும். வெளுப்பதும் சிவப்பதும் அம்மா மூச்சு விடுவது. மூச்சு விடுகிற அம்மா சாந்தமாக இறங்குவாள்.

சந்திரம்மா கட்டைவிரலை அம்புஜத்தின் கெண்டைக்காலில் அழுத்தி எடுத்தாள்.

வெளுக்கவில்லை. சுற்றியிருந்த தோல் வெளுத்தது. சிவப்புப் பொடி மட்டும் காகிதத்தில் பேனா முனையால் வைத்த புள்ளி போல் அப்படியே இருந்தது.

இன்னொரு இடத்தில் அழுத்தினாள். மறு காலில் அழுத்தினாள். விரலை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். அம்புஜத்தின் முகத்தைத் திருப்பிக் காதுக்குப் பின்னால் பார்த்தாள், நெற்றியில் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. மணல்வாரி காதுக்குப் பின்னால் தொடங்கி முகம் இறங்கித்தான் காலுக்கு வரும்.

அம்புஜம் கண்ணைத் திறக்காமலே முனகினாள்: "என்ன, அக்காளும் தம்பியுமா என் கால வெச்சு ரொட்டி பிசையறீங்களா?"

சந்திரம்மா எழுந்தாள். வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலையை உருவி, இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாயே, நீ இல்லாத எடத்துல உன் பேரச் சொல்லிட்டேன். பொறுத்துக்கோ." பிறகு திரும்பி, "இன்னாடா பாத்துக்கினு நிக்கற? ஆட்டோவக் கூப்புடு. ஜல்தி!"

சாரலில் ஓசூர் ரோடு முழுக்க வண்டி. ஆட்டோவின் படுதாவைச் சந்திரம்மா ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், மறுகையால் அம்புஜத்தை அணைத்திருந்தாள். வழியெல்லாம் கட்டைவிரலால் அந்தக் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எஷ்டு கன்டே ஆய்து?" என்றார் டாக்டர் மமதா.

"நாலரை மேடம். அம்மைன்னு நெனச்சுட்டோம்."

டாக்டர் காலைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. பரவால்ல, வந்தீங்களே. நாளைக்கு வந்திருந்தா கஷ்டா." அதற்குள் நரம்பில் மருந்து ஏறத் தொடங்கிவிட்டது.

தனி அறை. நர்ஸ் வந்து விதிகளைச் சொன்னாள்: ஒருவர்தான் உள்ளே போகலாம், கை கால் கழுவ வேண்டும், துவைத்துக் காயவைத்த துணி, கொதித்து ஆறிய தண்ணீர், பச்சையாக எதுவும் கூடாது, வெளியாள் வரக்கூடாது. சந்திரம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"இதெல்லாம் நாங்க அம்மா வந்த ஊட்டுக்குச் சொல்றதுதாம்மா. நீ புதுசா இன்னா சொல்ற?"

"வேப்பிலை மட்டும் உள்ள வேண்டாம் பாட்டி. இலை தழை பூ எதுவும் கூடாது. அதுல ஒட்டியிருக்கற கிருமி நமக்கு ஒண்ணும் செய்யாது, இவங்களுக்குத் தாங்காது."

"பாட்டி கீட்டின்னா பல்லு பூடும்" என்றாள் சந்திரம்மா. ஆனால் மடியிலிருந்த கொத்தை எடுத்து வெளி ஜன்னல் கம்பியில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மாலை டோரதி வெங்கடசாமியைக் கூடத்துக்குள் கூப்பிட்டாள். "கை கழுவிட்டு வாங்கண்ணா. நீங்க பாக்கணும்."

மைக்ராஸ்கோப்பின் கீழே ஒரு கண்ணாடித் தகடு, அதில் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள். ஒரு சொட்டு ரத்தத்தை ஊதாத் தண்ணீரில் கலக்கி அதன்மேல் விட்டிருந்தாள். அந்தத் தண்ணீர் சிவப்பு அணுக்களையெல்லாம் உடைத்துவிடும். வெள்ளை அணுக்கள் மட்டும் ஊதா நிறம் ஏறி நிற்கும்.

"நாலு மூலைக் கட்டத்துல இருக்கறத எண்ணி, அம்பதால பெருக்கணும். மொதல்ல என்னோடதப் பாருங்க."

அவன் கண்ணை வைத்தான். கட்டம் கட்டமாக ஊதா மணிகள், கசகசாவைத் தூவின மாதிரி. டோரதி கையிலிருந்த எண்ணும் கருவியை டிக் டிக்கென்று அமுக்கினாள். நூற்று முப்பது. ஆறாயிரத்து ஐந்நூறு.

"இப்ப அக்காவோடது."

வெறும் கட்டம். கோடுகள் மட்டும். தகட்டை நகர்த்த நகர்த்த, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு ஊதா மணி. அப்புறம் வெகுதூரம் காலி. அப்புறம் இன்னொன்று. விடுமுறை நாளில் பேக்கரிக்குள் நுழைந்தது போல் இருந்தது. தட்டெல்லாம் அடுக்கி வைத்து, அடுப்பு குளிர்ந்து, ஒரு ஆள் இல்லாமல்.

"எத்தன?"

"ஆறு. முந்நூறு."

"அந்தக் கால்ல செவப்பு?"

"ரத்தக் குழாயில சின்னதா ஓட்டை விழுந்துக்கிட்டே இருக்கும்ணா, எல்லாருக்கும். ஓட்டைய அடைக்கறதுக்குத் தட்டணுன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் மஜ்ஜைலதான் செய்யணும். அது கொறைஞ்சா ரத்தம் பொடிப்பொடியா தோலுக்குள்ள கசியும். உங்க அக்கா அழுத்திப் பாத்தாங்களாமே? அம்மைச் செவப்பு குழாய்க்குள்ள இருக்கற ரத்தம். அழுத்தினா ஒதுங்கும், வுட்டா திரும்பி வரும். இது குழாயை வுட்டு வெளில வந்துடுச்சு. எங்க ஒதுங்கும்? டாக்டருங்களும் கண்ணாடி டம்ளர் வெச்சு அழுத்தி இதத்தான் பாப்பாங்க."

அவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்த சந்திரம்மாவிடம் போய் இதைச் சொன்னான். அவள் ரொம்ப நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேக்கரி அடுப்படியிலிருந்து இரண்டு பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அதிலிருந்து தட்டணுவை மட்டும் பிரித்து, எலுமிச்சைச் சாறு நிறத்தில் ஒரு பையில் கொண்டுவந்து ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள், மூலைக் கட்டங்களில் ஐந்து. ஜுரம் இறங்கவில்லை. அன்று அம்புஜம் அவனைப் பார்த்து, சௌம்யாவின் பள்ளிக்கூடச் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னாள். பதிமூன்றாம் நாள் எட்டு. ஜுரம் நூறுக்கு வந்தது. பதினான்காம் நாள் காலை டோரதி வாசலுக்கே வந்து நின்றாள்.

"பேக்கரிண்ணா, ஓடி வாங்க."

கண்ணை வைத்தான். ஒரு மூலையிலேயே ஐந்தாறு. எல்லாம் பெரிது பெரிதாக, உள்ளே வளைந்த வாழைப்பழம் போல ஊதா நிறம்.

"புதுசுண்ணா. நல்லாப் பாருங்க, வளைவு இன்னும் முழுசா மடியல. வளந்தது மூணு நாலு துண்டா மடிஞ்சு இருக்கும். இது பச்சைப் புள்ளைங்க. முதிர்றதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துடுச்சுங்க."

இருபத்து மூன்று. ஆயிரத்து நூற்று ஐம்பது. மறுநாள் ஐம்பத்தெட்டு. அதற்கு மறுநாள் தொண்ணூறு. யாரும் ஒரு சொட்டு மருந்து கொடுத்து இதை உண்டாக்கவில்லை. அடித்ததும் மூடியதும் மருந்து. திறந்தது உடம்பு. முதுகெலும்புக்குள்ளும் இடுப்பெலும்புக்குள்ளும் உறங்கிக்கொண்டிருந்தது எதுவோ எழுந்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, வீட்டைத் திறந்து விளக்கேற்றிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக உப்புகிற மாவைப் பார்க்கிறவன், இப்படி ஒரு உப்புதலை அன்றுதான் பார்த்தான். மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. டோரதிதான் தோளைத் தட்டி விலக்கினாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் ஆடி வெள்ளி. சந்திரம்மா ஒரு பிடியாக நின்றாள்.

"அம்மா வரலன்னா இன்னா? வந்து போன மாதிரிதான் போயிட்டு வந்துக்கிறா. ஒரு தண்ணி ஊத்தியே ஆவணும். தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு ஆத்திட்டேன். வேப்பிலையும் அதுலயே கொதிச்சிடுச்சு. உன் டோரதி வந்து பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது."

பின்பக்கத்துக் கல்லில் அம்புஜத்தை உட்கார வைத்தாள். சாரல் விட்டு வெயில் லேசாக வந்திருந்தது. மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை முதல் சொம்பு தலையில் ஊற்றிக் கையால் தடவினாள்.

தலைமுடி கையோடு வந்துவிட்டது. ஒரு கொத்து அல்ல. உச்சியிலிருந்து பிடரி வரை, தண்ணீர் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமெல்லாம் முடி சரிந்து, கல்லில் விழுந்து, கறுப்பு ஓடையாகச் சாக்கடை வாய்க்குப் போனது. சந்திரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. சொம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கொட்டும் என்று தெரியும். இப்படி ஒரே தண்ணீரில் கொட்டும் என்று யாருக்கும் தெரியாது.

அம்புஜம் குனிந்து மடியில் கிடந்ததைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. பிறகு, "அண்ணி, ஊத்தறத நிறுத்தாதீங்க. குளுருது" என்றாள்.

வெங்கடசாமி பக்கத்தில் குந்தி, ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வேர்ப்பக்கம் பென்சிலைச் சீவினாற்போல் கூராகிக் கூராகி இல்லாமல் போயிருந்தது. இன்னொன்றை எடுத்தான், அதுவும் அப்படித்தான். எல்லா வேரும் ஒரே நாளில் வேலையை நிறுத்தியிருக்கின்றன. எந்த மருந்து கழுத்துக் கட்டியின் நூலை முறுக்க விடவில்லையோ, அதே மருந்து, அதே நேரத்தில், தலையில் லட்சம் இடத்தில் நூற்பதை நிறுத்தியிருக்கிறது. இழை மெலிந்து மெலிந்து, பத்தொன்பதாம் நாள் இந்தச் சொம்புத் தண்ணீருக்கு அறுந்திருக்கிறது.

"கட்டி போன வழியிலதான் இதுவும் போயிருக்குது" என்றான். "வேர் உள்ள தூங்கிக்கினு இருக்குது. எல்லா ஊசியும் முடிஞ்சா எழுந்துக்கும். இன்னும் ரெண்டு நாள்ல இருபத்தொண்ணு. அடுத்த ஊசி."

"அடுத்ததுலயும் பத்தாம் நாளு, பதினொண்ணாம் நாளு வருமில்ல?" என்றாள் அம்புஜம்.

"வரும்."

"அஞ்சு தடவை இன்னும்?"

"அஞ்சு."

அவள் கழுத்தை, கட்டி இருந்த பக்கத்தை, ஈரக்கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். "சரி" என்றாள்.

சந்திரம்மா மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி முடித்தாள். துவைத்த துண்டால் ஒற்றினாள். மொட்டைத் தலை வெந்நீர்ச் சூட்டில் செம்பருத்தி மொட்டு மாதிரி சிவந்திருந்தது.

"பத்தாம் நாள்லேர்ந்து நான் இங்கயேதான் படுப்பேன்" என்றாள் தம்பியிடம். "அந்தக் கண்ணாடிக் குச்சிய எப்பிடிப் பாக்கறதுன்னு இன்னைக்கே சொல்லிக் குடு. நூத்த தாண்டினா நானே ஆட்டோ கூப்புடறேன். உனக்குக் காத்துக்கினு இருக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே, தன்னையறியாமல், அம்புஜத்தின் உச்சந்தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

அந்த இடம் வெளுத்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாகச் சிவந்து வந்தது.

"மூச்சு வுடறா" என்றாள் சந்திரம்மா.